பெரிய துரைக்குப் பெரிய மீன்

பதுளைக்கு ரயில் வந்த பிறகு கொழும்புச் சரக்கெல்லாம் அலுங்காமல் வந்து இறங்குகிறது. உயிர் மீன் கூட அப்படித்தான். முன்பு பண்டாரவளையில் இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, குலுங்கிக் குலுங்கிக் கொண்டுவந்த காலத்தில் தகரத்தைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கும். இப்போது மூடியை எடுத்தால் கொழும்பில் ஏறிய அதே முகத்தோடு மீன் எட்டிப் பார்க்கிறதாம். நான் முன்பு வேலை பார்த்த பதுளைக் கடையில் இன்று சாமான் கொடுக்கும் கந்தசாமியும் வேலுவும் போன வாரம் என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, புதிதாக வீட்டில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு எந்த மீனைக் கொடுப்பது என்று தெரியவில்லை, நீங்கள் அனுபவப்பட்டவர், நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

அனுபவப்பட்டவன் என்பது சரிதான். ஆனால் அந்த அனுபவத்தை என்னைவிட மீன்கள்தான் அதிகம் பட்டன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிச் சைவம். மீன் வாடை வீசினால் தெருவின் மறுபக்கம் போகிறவன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் முதலாளி மீன் வேலையை என்னிடம் கொடுத்தார். கடையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். மற்ற நான்கு பேரும் மீன் சாப்பிடுகிறவர்கள். கொழும்பிலிருந்து உயிரோடு மீன் வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலாளி எங்களை வரிசையாகப் பார்த்தார். “சங்கரலிங்கம், நீ சைவம்லா? ஒங்கிட்டன்னா பத்திரமா இருக்கும்” என்றார். மீன் வேலைக்கு என் தகுதி இவ்வளவுதான். இன்றைக்கும் இதற்கு மேல் ஏதாவது கூடியிருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பதினேழு வயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தேன். மூன்று வருடம் துணி மடித்தேன், இரண்டு வருடம் விளக்குச் சிமினி துடைத்தேன், பிறகு தோட்டத்துப் பங்களாக்களுக்குச் சாமான் கொண்டுபோகும் வேலைக்கு ஏறினேன். தொப்பி, விளக்கு, சாய்வு நாற்காலி, பிஸ்கட் தகரம் எல்லாவற்றையும் வண்டியில் அடுக்கிக்கொண்டு எல்ல வரைக்கும், சில சமயம் பெரகல வரைக்கும் போவேன். இங்கிலீஷ் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். துரைமார் பேசும் தமிழை அதைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டேன், ஏனென்றால் அதுதான் கஷ்டம்.

எங்கள் முதலாளி யாரிடமும் இல்லை என்று சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டின் நுனியில் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொள்வார். அப்படிச் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே நிற்பவர் தெரியாது என்பதால், மறுக்கும்போது யாருடைய முகத்தையும் பார்க்கவேண்டிய சங்கடம் அவருக்கு இருந்ததில்லை.

அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த விதிகள் இரண்டு. முதலாவது, பெரிய துரைக்குப் பெரியது, சின்ன துரைக்குச் சின்னது. தோட்டத்தை ஆளுகிறவர் பெரிய துரை, அவருக்குக் கீழே இருப்பவர் சின்ன துரை. ஒருவருக்கு இரட்டைத் திரி விளக்கு என்றால் மற்றவருக்கு ஒற்றைத் திரி. நாற்காலி, குடை, தட்டு, தொப்பி எல்லாவற்றிலும் ஒரு படி இறக்கித்தான் கொடுக்கவேண்டும். ஒரு சின்ன துரையின் தொப்பி பெரிய துரையின் தொப்பியைவிட எடுப்பாக அமைந்துவிட்டதால் ஒரு தோட்டம் எங்கள் கடைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டது. அந்தத் தொப்பியைக் கொடுத்தவனும் நான்தான்.

இரண்டாவது விதி, புகார் வந்தால் சொல்லும் பதில். விளக்குப் புகைகிறதா? திரி வெட்டத் தெரியாதவன் வெட்டியிருப்பான். துணி சாயம் போகிறதா? டோபி காரத்தைக் கூடப் போட்டிருப்பான். கடிகாரம் நின்றுவிட்டதா? யாரோ சாவியை முறுக்கிக் கெடுத்திருப்பார்கள். நம் சரக்கில் குறை இருக்காது, பங்களாவில் கை தப்பியிருக்கும். யார் கை என்று நாங்கள் சொல்லவேண்டியதில்லை. அதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

எல்ல தாண்டி இருந்த ஒரு தோட்டத்தில்தான் மீன் கதை தொடங்கியது. பெரிய துரையின் மனைவி, அதாவது துரைசாணி, சீமைப் பத்திரிகை ஒன்றில் கண்ணாடிக் குண்டில் மீன் நீந்தும் படத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று எழுதி அனுப்பினார். அவருக்கு அதற்கு முன் மீன் வளர்த்துப் பழக்கம் கிடையாது. எங்களுக்கும் கிடையாது. அதே வாரத்தில், கேள்விப்பட்ட சின்ன துரையும் தனக்கு ஒன்று என்று எழுதினார்.

முதலாளி ஒரு கணமும் யோசிக்கவில்லை. பெரிய துரை பங்களாவுக்குப் பித்தளைக் கால் வைத்த பெரிய கண்ணாடிக் குண்டு, அதில் கொழும்பிலிருந்து வரவழைத்த சாண் நீளத் தங்கமீன் மூன்று. சின்ன துரைக்கு, கடையில் நெடுநாள் விற்காமல் கிடந்த அகலவாய்க் கண்ணாடித் தொட்டி. மீனுக்கு எங்கும் எழுதவேண்டாம், ஓயா என்கிற சிற்றாற்றில் யாரையாவது விட்டு விரல் நீளக் கெண்டை ஆறு பிடித்துப் போடு என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மீனைத் தேர்ந்தெடுக்கும்போது மீனைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எங்கள் இருவருக்குமே வரவில்லை.

தங்கமீன்கள் பண்டாரவளையில் வந்து இறங்கின. தகரத்தைச் சுற்றி ஈரச் சாக்கு, தண்ணீர் தளும்பாமல் இருக்க மேலே பெரணி இலை. கொழும்புக்காரர்கள் அனுப்பிய இங்கிலீஷ் சீட்டில் வழியில் தீனி போடாதே, அடிக்கடி தண்ணீருக்குக் காற்றுக் காட்டு என்று இருந்தது. தண்ணீருக்கு எப்படிக் காற்றுக் காட்டுவது என்று வண்டிக்காரரைக் கேட்டேன். அவர் மாட்டைக் கேட்பதுபோல் அதைப் பார்த்தார். கடைசியில் ஒவ்வொரு மைல் கல்லிலும் வண்டியை நிறுத்தி, அகப்பையால் தண்ணீரை மொண்டு, தோளுயரத்திலிருந்து தகரத்துக்குள் ஊற்றினேன். கல்லுக்கு நூறு தரம். எதிரே கொழுந்து மூட்டையோடு போன பெண்கள், கடை ஐயாவுக்கு வண்டிக்குள் என்ன ஆற்றுகிற வேலை என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்த அகப்பை வேலை ஒன்றுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்தது என்று பிற்பாடு தெரிந்தது.

பங்களா வராந்தாவில் மீனைக் குண்டுக்கு மாற்றவேண்டும். கையால் தொட மனம் ஒப்பவில்லை. கொசுவலைத் துணியைக் கம்பியில் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அள்ளினேன். இரண்டு மீன் குண்டுக்குள் போயின. மூன்றாவது துள்ளி வராந்தாப் பலகையில் விழுந்து என் காலடிக்கு வந்தது. நான் பின்னால் நகர்ந்தேன், அதுவும் கூடவே வந்தது. துரைசாணி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஆயா குனிந்து, ஒரு கையால் மீனை எடுத்து, குண்டுக்குள் நழுவ விட்டுவிட்டு நிமிர்ந்தார். குழந்தை அசையக்கூட இல்லை.

அந்த ஆயாவின் பெயர் மாரியாயி. நாற்பது வயது இருக்கும். அவருடைய புருஷன் ரோடு வெட்டும்போது கல் விழுந்து ஒரு கால் போனவர். மாரியாயியின் பங்களா வேலையால்தான் அந்தக் குடும்பத்துக்குத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறை, இருந்தது. மீனுக்குத் தீனி போடும் வேலையையும் துரைசாணி அவரிடமே கொடுத்தார். சீட்டில் உள்ளதைப் பங்களாவின் தலைமை வேலைக்காரரான அப்பு வாசித்துக் காட்டினார்: எறும்பு முட்டை, நகத்தின் நுனியளவு, நாளைக்கு ஒரு வேளை.

ஐந்தாம் நாள் ஒரு மீன் செத்துப் போயிற்று என்று ஆள் வந்தது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனேன். துரைசாணி வராந்தாவில் காத்திருந்தார்.

“கடைக்காரன், மீன் ஏன் செத்துப் போறது?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் கடையில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை.

“தீனி கூடிப்போச்சு தொரசாணி” என்றேன்.

பின்னால் நின்ற மாரியாயி, “சீட்டுல உள்ளபடிதானுங்க போட்டேன்” என்று மெதுவாகச் சொன்னார். என் காதில் விழுந்தது. கேட்காத மாதிரி வலைத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அடுத்த பத்து நாளில் மற்ற மூன்றும் செத்தன. முதலாளி காரணம் கண்டுபிடித்துவிட்டார். “மீன் சின்னதாப் போச்சு. அதான் தாங்கல. இன்னும் பெரிசா வரவழை” என்றார். வரவழைத்தேன். ஒன்றரைச் சாண் நீள மீன் இரண்டு. குண்டுக்குள் அவை திரும்புவதற்கே வால் மடங்கவேண்டியிருந்தது. பார்க்க ரொம்பக் கம்பீரமாக இருக்கிறது என்று நானே துரைசாணியிடம் சொன்னேன். முந்தியவை ஏன் செத்தன என்று அவர் மறுபடி கேட்டபோது, மறுபடியும் தீனியைத்தான் சொன்னேன். பழகிப்போன பொய் நாக்கை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. அந்த மீன்கள் மூன்று நாள் இருந்தன.

இதற்கிடையில் சின்ன துரையின் ஆறு கெண்டையும் அகலத் தொட்டியில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. அவர் தேநீர் விருந்துக்கு வந்தபோதெல்லாம் அவற்றின் சுகத்தை யாரும் விசாரிக்காமலே சொல்லிவிட்டுப் போனாராம். துரைசாணிக்கு முகம் சிவந்துபோகுமாம்.

பங்களா அப்பு சந்தைக்குப் பதுளை வந்தவர் கடைக்குள் தலையை நீட்டினார். “மாரியாயிக்கு மாசக் கடைசியில பத்துச்சீட்டுங்க. தொரை கங்காணிகிட்ட சொல்லிட்டாரு. மீனைப் பாத்துக்கத் தெரியாதவ புள்ளைய எப்படிப் பாப்பான்னு தொரசாணி அழுதாங்களாம்.”

பத்துச்சீட்டு என்றால் வேலை முடிந்தது, குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுக் கிளம்பு என்று கொடுக்கிற சீட்டு. காம்பராவும் போகும். கால் இல்லாத புருஷனை எந்தத் தோட்டத்தில் பெரட்டுக்கு, காலையில் ஆள் எண்ணும் வரிசைக்கு, நிறுத்திப் பேர் கொடுப்பது?

முதலாளியிடம் போய், மீன் விஷயத்தில் நாம் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது, ஒரு பொம்பளைக்கு வேலை போகப்போகிறது, போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பக்கமும் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாட்டிக்கொண்டு, “நம்ம சரக்குல கொறை கெடையாது. இருந்தா அது ஒன்னோட கொறை” என்றார்.

மறுநாள் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு எல்லப் பக்கம் போகும் வண்டியில் ஏறினேன்.

நேரே பங்களாவுக்குப் போகத் தைரியம் வரவில்லை. லயத்துக்குப் போனேன். மாரியாயி வாசலில் ஏனம் கழுவிக்கொண்டிருந்தார். புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

“அம்மா, மீன் எதனால செத்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“ரெண்டு வாட்டி வந்தீங்களே ஐயா. அப்பவே கேட்டிருக்கலாமே” என்றார்.

“இப்பக் கேக்குறேன்.”

அவர் சட்டியைக் கவிழ்த்து வைத்தார். “ரெண்டாம் நாளே மேல வந்து வாயத் தொறந்துக்கிட்டு நின்னுச்சுங்க. தீனி போட்டா திங்கல. திங்காத மீனுக்கு நான் என்னத்த அதிகமாப் போடுறது? தண்ணி மாத்துனா செத்த நேரம் கீழ போகும், திரும்ப மேல வந்துரும். அந்தக் குண்டுக்கு வயிறு பெரிசு, வாய் சின்னது. வாய் வரைக்கும் தண்ணிய ரொப்பி வச்சா காத்து எங்கிட்டு எறங்கும்? மீனும் எருமைக்கணக்கா இருக்கு. இந்தக் காம்பராவுல எட்டுப் பேரு படுக்குறோம். கதவச் சாத்துனா எங்களுக்கும் அப்படித்தான்.”

மைல் கல்லுக்கு நூறு தரம் தண்ணீருக்குக் காற்றுக் காட்டியவன் நான். குண்டுக்குள் போன பிறகு அந்த மீனுக்குக் காற்று வேண்டாம் என்று நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்ததாகக்கூடச் சொல்லமுடியாது. நினைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

பங்களாவுக்குப் போகும் வழியெல்லாம் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன். வராந்தாவில் துரைசாணியைக் கண்டதும் அது மொத்தமாக மறந்துவிட்டது. தமிழிலேயே சொன்னேன். ஆயா மேல் தப்பில்லை, மீன் பெரிது, குண்டின் வாய் சிறிது, மூச்சு முட்டிச் செத்தது என்றேன்.

“நீ முன்னே ஆயா தீனி கூட போட்டது சொன்னது. இப்போ போடல சொல்றது. எது நெசம்?”

“இப்ப சொல்றதுதான் தொரசாணி.”

“அப்போ முன்னே ஏன் அப்படி சொன்னது?”

“கடையில அப்படிச் சொல்றதுதான் வழக்கம்ங்க.”

அவர் காலிக் குண்டைத் திரும்பிப் பார்த்தார். “பெரிய மீன் ஏன் கொண்டு வந்தது?”

“பெரிய தொரைக்குச் சின்ன மீன் கொடுக்கக்கூடாதுங்களே.”

துரைசாணி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை, அவருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. துரை ஒன்று சொன்னால் மாற்றமாட்டார், சொல்லிப் பிரயோஜனமில்லை, காட்டவேண்டும் என்றார். “மாசக் கடைசி பதினெட்டு நாள் இருக்கு. நீ மீன் கொண்டு வர்றது. ஆயா பாக்குறது. மீன் உசுரோட இருந்தா நான் துரைகிட்ட பேசுறது. செத்தா ஆயா போறது. நீயும் இங்கே வர்றது இல்லை.”

ஆக, ஒரு குடும்பம் காம்பராவில் இருப்பதும் போவதும் நான் தேர்ந்தெடுக்கப்போகும் மீனைப் பொறுத்தது. மீன் தின்னாத, மீனைத் தொடாத, அதுவரை ஆறு மீனைக் கொன்ற நான். அன்றைக்குத்தான் புத்தி வந்து, மாரியாயியையே கேட்டேன்.

தோட்டத்துக்குக் கீழே ஓயா வளைகிற இடத்தில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாகக் கிடக்கும். மாரியாயி பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். முழங்கால் வரை இறங்கினேன். மீன் காலைத் தொடும்போதெல்லாம் முருகா என்றேன். “சத்தம் போடாதீங்க, ஓடிப்போகும்” என்றார். முருகனை மனசுக்குள் கூப்பிட்டேன்.

சேலையில் இருபது முப்பது மீன் விழுந்தன. நான் செம்மஞ்சள் கோடு போட்ட அழகான குஞ்சு ஒன்றைக் காட்டி, இது பங்களாவுக்கு எடுப்பாக இருக்கும் என்றேன்.

“அது விரால் குஞ்சுங்க. மத்ததெல்லாம் அதுக்குச் சோறு” என்று அதைத் தூக்கித் தண்ணீரில் விட்டார்.

அவர் எடுத்த விதத்தை அப்படியே எழுதிவிடுகிறேன். கந்தசாமிக்கும் வேலுவுக்கும் வேண்டியது இதுதான். விரல் நீளத்துக்கு மேல் போனதை எடுக்கவில்லை. ஒரே சாதியாக, கூட்டமாகத் திரிகிறதை எடுத்தார். துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருந்ததை, பக்கத்து மீனின் வாலைக் கடித்ததை, மற்றவை ஓடும்போது தனியாக நின்றதை எல்லாம் திருப்பி விட்டார். எட்டு மீன் மிஞ்சின. அவற்றை நேரே பங்களாவுக்குக் கொண்டுபோகவில்லை. லயத்தில் அகலச் சட்டியில் மூன்று நாள் வைத்தார். தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு, எது உடனே வந்து தின்கிறது, எது மேலே வந்து வாயைப் பிளக்கிறது என்று பார்த்தார். மூன்றாம் நாள் நான் போனபோது நாலைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார்.

“எட்டும் நல்லாத்தானே இருக்கு? எட்டையும் விடுவோம்” என்றேன். உண்மைக் காரணம் வேறு. சின்ன துரையிடம் ஆறு இருந்தது. பெரிய துரைக்கு நாலா? எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை பட்டும் அந்த விதி என்னை விடவில்லை.

“நாலு போதும்ங்க” என்றார் மாரியாயி. “போகப்போறது ஒங்க காம்பரா இல்ல.”

நாலு என்று முடிவாயிற்று.

ஓயாத் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் தெளியவிட்டோம். குண்டைக் கழுவி, வாய் வரைக்கும் ரொப்பாமல், அதன் வயிறு எங்கே அகலமாக இருக்கிறதோ அங்கேயே தண்ணீரை நிறுத்தினார். மீன் இருந்த சட்டியில் குண்டுத் தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாக, நேரம் விட்டு விட்டு ஊற்றிப் பழக்கிய பிறகே மீனை விட்டார். துரைசாணி வந்து பார்த்தார். பாதிக் குண்டுதான் தண்ணீர், நாலே மீன், அதுவும் சின்ன துரை வீட்டில் இருக்கும் அதே ஓயாக் கெண்டை. அவர் முகத்தைப் பார்த்ததும் என் விதி எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. இன்னும் நாலு கொண்டுவரட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். மாரியாயி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் மீனுக்காக நான் செய்த பெரிய உபகாரம் அதுதான்.

அந்தப் பதினெட்டு நாளும் எனக்குக் கடையில் எதுவும் ஓடவில்லை. ஒற்றைத் திரி கேட்டவருக்கு இரட்டைத் திரியைக் கொடுத்தேன். நாலு கெண்டைக்காகக் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டேன். கோயிலில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று குருக்கள் கேட்டபோது, சொல்ல வெட்கப்பட்டு, உறவுக்காரர்கள் நாலு பேர் என்றேன்.

பதினோராம் நாள் அப்பு வந்து ஒரு சேதி சொன்னார். சின்ன துரை தேநீருக்கு வந்தவர், பேச்சுவாக்கில் கேக்கைப் பிய்த்துப் பிய்த்துக் குண்டில் போட்டாராம். துரையிடம் வேண்டாம் என்று ஆயாவால் சொல்லமுடியுமா? மாரியாயி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். சின்ன துரை தோட்டத்தைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் குண்டைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய், கேக்குத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, தெளிந்த தண்ணீர் பாதி மாற்றி, பழையபடி கொண்டுவந்து வைத்தாராம். விருந்துக்கு நடுவே குண்டை ஏன் எடுத்தாய் என்று துரைசாணி கடிந்துகொண்டாராம்.

மாதக் கடைசி நாள் போனேன். முதலாளியிடம் இந்தத் தடவை வயிற்று வலி என்று சொல்லவில்லை. மீனைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் மறுபடி மாட்டுவதற்குள் வெளியே வந்துவிட்டேன். பிற்பாடு நடந்ததைக் கேட்டுவிட்டு அவர், “அப்பச் சரி. இனிமே பெரிய மீனையெல்லாம் சின்ன தொரைமாருக்குத் தள்ளிவிடு” என்றார்.

வராந்தாவில் குண்டு வெயில் படாத மூலைக்கு மாறியிருந்தது. நாலும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், நாலு. நீந்துகிறவற்றை எண்ணுவது கஷ்டம் என்பதால் திரும்பவும் எண்ணினேன். துரைசாணி பக்கத்தில் நின்றார். மாரியாயி குழந்தையோடு கதவோரம் நின்றார். கையில் தீனிக் கிண்ணம் இருந்தது.

பெரிய துரை சப்பாத்துச் சத்தத்தோடு வெளியே வந்தார். இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்த்தார். ஒரு கெண்டை அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அவர் சிரித்தார். நான் அந்தத் தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோன வருடங்களில் அவர் சிரித்து அதற்கு முன் பார்த்ததில்லை.

“நல்ல மீன்” என்றார். “இந்த மீன் யார் எடுத்தது?”

சொல்லவேண்டியது எனக்குத் தெரியும். சொல்லத்தான் வந்திருந்தேன். மாரியாயி என்ற பேர் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் துரை என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். துரை முகம் பார்த்து நல்ல சரக்கு என்று சொன்னால் கடைக்காரன் வாய் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் என் வாய் போயிற்று.

“நான்தானுங்க தொரை” என்றேன்.

“கெட்டிக்காரன்” என்று என் தோளைத் தட்டினார். துரைசாணி அவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் திரும்பிப் பார்க்காமல், “ஆயா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாரியாயி குழந்தையைத் துரைசாணியிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. எனக்கும் கண் கலங்கியிருந்தது. வேலை தப்பியது, காம்பரா தப்பியது, நானும் என்னாலானதைச் செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்து போயிருந்தது. அந்த நிறைவோடேயே சமையல்கட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு வெளியே போகக் கிளம்பினேன். அவர் ஏதாவது சொல்வார் என்று ஒரு எதிர்பார்ப்பு எனக்கு இருந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை வந்தால், அதெல்லாம் எதற்கு அம்மா என்று சொல்வதற்குக்கூடத் தயாராக இருந்தேன்.

பின்வாசல் படியில் மாரியாயி ஒரு தகரக் குவளையில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கி ஒரு வாய் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு, சண்டைக்கு இல்லாமல், தெரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“ஏங்கய்யா, செத்தா நான், பொழைச்சா நீங்களா?”

நான் குவளையைப் பார்த்தேன். வராந்தா இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. துரை அப்போதுதான் உள்ளே போயிருந்தார், கூப்பிட்டால் வந்திருப்பார்.

“தேத்தண்ணி நல்லா இருக்கும்மா” என்றேன்.